ஆஞ்சியோவுக்கு 16 ஆயிரமா, 2 லட்சமா?

கேள்வி: எனக்கு வயது 54. திண்டுக்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக மாடிப்படி ஏறினாலோ மூட்டை தூக்கினாலோ நெஞ்சில் பாரம் ஏற்றியது போல் இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நன்றாக இருக்கிறது என்றார்கள். டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ். ஆஞ்சியோ எடுக்க உள்ளூரில் 16 ஆயிரம் கேட்கிறார்கள், மதுரையில் 28 ஆயிரம். "அடைப்பு இருந்தால் கையோடு ஸ்டென்ட் வைத்துவிடலாம், 2 லட்சம் ரெடியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார்கள். 3 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வெறும் ஆஞ்சியோவுக்குப் பணம் வராது, ஸ்டென்ட் வைத்தால்தான் வரும் என்கிறார் ஏஜென்ட். மனைவி நகையை அடகு வைக்கலாம் என்கிறாள். சிடி ஆஞ்சியோ எடுத்தால் செலவு குறையுமா? எதை நம்பி எங்கே போவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில் (இதயநோய் மருத்துவர்):

நகைக் கடன் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுக்க ஆகும் செலவு வேறு, அதில் அடைப்பு தெரிந்தால் செய்யும் சிகிச்சையின் செலவு வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதால் உங்களுக்கு இது 2 லட்ச ரூபாய் டெஸ்ட்டாகத் தெரிகிறது. முதல் செலவுக்குத்தான் நீங்கள் இப்போது தயாராக வேண்டும். இரண்டாவது வருமா, வந்தால் மாத்திரையா, குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட்டா, அடைப்பைத் தாண்டி மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவைசிகிச்சையா என்பது படம் எடுத்த பிறகுதான் எந்த டாக்டருக்கும் தெரியும்.

உங்களுக்குக் கொஞ்சம் அவகாசமும் இருக்கிறது. வேலை செய்தால் வருகிறது, நின்றால் போகிறது, மூன்று மாதமாக ஒரே அளவில் இருக்கிறது, இதயத்தின் பம்பிங்கும் நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையான நெஞ்சுவலிக்கு உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தால் உயிர் கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறதா என்று 5,179 பேரை வைத்து 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வெளியானது. முதலில் மாத்திரை, தேவைப்பட்டால் மட்டும் ஆஞ்சியோ என்று போனவர்களுக்கும், ஆரம்பத்திலேயே ஆஞ்சியோ எடுத்து அடைப்பைச் சரிசெய்தவர்களுக்கும் இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி குறைவதில் ஸ்டென்ட்டும் பைபாஸும் முந்தின, அதை மறுக்கவில்லை. இடதுபக்கப் பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களையும் பம்பிங் மிகவும் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே ஆஞ்சியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் வலியும் பாசிட்டிவ் டெஸ்ட்டும் சேர்ந்திருக்கும்போது படம் பார்ப்பது நியாயம். இரண்டு இடத்தில் விசாரிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன், அவ்வளவுதான். அந்த வாரத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு வேளைகூட விடுபடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால், வியர்த்துக் கொட்டினால், வலி அடிக்கடி வர ஆரம்பித்தால் விலை விசாரணையெல்லாம் அங்கேயே முடிந்தது. 108ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பின்போது ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் ஒரே மேசையில் நடப்பதுதான் சரி. அங்கே நிமிடம்தான் கணக்கு.

இனி 16க்கும் 28க்கும் வருவோம். ஆஞ்சியோ என்பது மணிக்கட்டிலோ தொடையிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, டை மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே வீடியோ எடுப்பது. சிக்கல் இல்லையென்றால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பில்லில் இருப்பவை: ஆஞ்சியோ எடுக்கும் அறையான கேத் லேப்பின் வாடகை, டாக்டர் கட்டணம், டை பாட்டில், குழாய்களும் ஒயரும், முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள், பிறகு படுத்திருக்கும் படுக்கை. உள்ளே நடக்கும் வேலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். வித்தியாசம் பெரும்பாலும் படுக்கையிலும், எது பேக்கேஜுக்குள், எது வெளியே என்பதிலும் இருக்கும். மணிக்கட்டு வழியாகச் செய்தால் அநேகமாக அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். தொடை வழியென்றால் பல மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும், ஒரு ராத்திரி தங்கச் சொல்லவும் கூடும். அந்த ஒரு ராத்திரியில் அறை வாடகை, நர்சிங் கட்டணம், டியூட்டி டாக்டர் கட்டணம் என்று பில் ஊதிவிடும்.

மளிகைக் கடைக்காரரான நீங்கள் மூட்டை விலையை மட்டும் கேட்டுவிட்டு, லாரி வாடகையும் இறக்குக்கூலியும் யார் தலையில் என்று கேட்காமல் சரக்கு எடுக்க மாட்டீர்கள். அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். டை இந்த 16 ஆயிரத்துக்குள் சேர்த்தியா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், எச்ஐவி, மஞ்சள்காமாலை டெஸ்ட்டுகள் சேர்த்தியா? ஏற்கெனவே எடுத்த எக்கோவையும் ரத்த ரிப்போர்ட்டையும் ஏற்றுக்கொள்வீர்களா, மறுபடி எடுப்பீர்களா? சமீபத்திய ரிப்போர்ட் என்றால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் புதிதாக எடுத்துவிடுவார்கள். பதிலை வாயால் வாங்காமல் எஸ்டிமேட்டாக எழுதி வாங்குங்கள். தர மறுக்கிற இடத்துக்கு நான் என் வீட்டு ஆளை அனுப்ப மாட்டேன்.

இப்போது 'கையோடு ஸ்டென்ட்' விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த வரிதான்.

கேத் லேப் வாசலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நோயாளி உள்ளே மேசையில் படுத்திருக்கிறார், கையில் குழாய் இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்து மனைவியையோ மகனையோ கூப்பிட்டு, திரையில் கறுப்புக் குழாய் ஒன்று ஓரிடத்தில் குறுகிப்போயிருப்பதைக் காட்டுகிறார். "90 சதவீதம் அடைப்பு. இப்பவே வெச்சிடலாமா? சீக்கிரம் சொல்லுங்க." அந்த நிமிடத்தில் வேண்டாம் என்று சொல்லும் மனைவி இந்த ஊரில் உண்டா? கையெழுத்துப் போட்ட பிறகுதான் எந்த ஸ்டென்ட், எத்தனை, எவ்வளவு என்ற பேச்சே வரும். டாக்டர் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே தடவையில் முடித்தால் இன்னொரு முறை குழாய் நுழைக்க வேண்டாம், இன்னொரு முறை கேத் லேப் வாடகையும் வேண்டாம். ஒரே குழாயில் தெளிவான அடைப்பு, மாத்திரை சாப்பிட்டும் வலி விடவில்லை, குடும்பம் முன்பே பேசி முடிவெடுத்துவிட்டது என்றால் கையோடு செய்வது மிச்சம்தான்.

ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குப் பல குழாய்களில் அடைப்பு இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் ஸ்டென்ட்டைவிட பைபாஸ் நல்லது என்று 2012இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது. பைபாஸ் செய்தவர்களில் இறப்பும் மாரடைப்பும் குறைவு, பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். அப்படிப்பட்ட முடிவை அறுவைசிகிச்சை டாக்டரும் படத்தைப் பார்த்துப் பேசி எடுக்க வேண்டும், வாசலில் நின்று எடுக்க முடியாது. அவசரத்தில் மூன்று ஸ்டென்ட் வைத்து மூன்றரை லட்சம் கட்டிவிட்டு, இரண்டு வருடத்தில் பைபாஸுக்கும் போய் நிற்பதுதான் இந்த வைத்தியத்திலேயே அதிகச் செலவான வழி. இன்னொன்று, திரையில் 60, 70 சதவீதம் என்று தெரியும் அடைப்பு உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று அளந்து பார்க்க எஃப்எஃப்ஆர் என்ற ஒயர் இருக்கிறது. அதற்குத் தனிச் செலவு உண்டு என்றாலும், தேவையில்லாத ஒரு ஸ்டென்ட்டைத் தவிர்த்தால் அது லாபம்தான்.

அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். பல இடங்களில் ஆஞ்சியோவுக்கும், ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் ஒரே படிவமாக அச்சடித்து வைத்திருப்பார்கள். "இப்போது ஆஞ்சியோ மட்டும், உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் தவிர மற்றதைப் பேசி முடிவு செய்வோம்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். டாக்டரிடமும் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், பெரும்பாலானவர்களுக்கு இது நிம்மதி. வாசலில் நிற்கப்போகிற மனைவிக்கும் சொல்லி வையுங்கள், அங்கே கேள்வி அவரிடம்தான் வரும்.

முடிந்ததும் வீடியோ பதிவு இருக்கும் சிடித் தட்டைக் கேட்டு வாங்குங்கள். காகித ரிப்போர்ட்டோடு திருப்திப்பட வேண்டாம். இரண்டாவது கருத்து சொல்லும் டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு "சிடி எங்கே?" என்றுதான் கேட்பார், இல்லையென்றால் இன்னொரு ஆஞ்சியோ எழுதுவார். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெற்று சிடியோடு மதுரைக்கும் சென்னைக்கும் வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு.

இனி சிடி ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோ பற்றி. கையில் ஊசி வழியாக டை செலுத்தி ஸ்கேன் மெஷினில் எடுப்பது, வழக்கமான ஆஞ்சியோவைவிடச் சில ஆயிரம் குறைவு. அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கும் ஆளுக்கு 'இல்லை' என்று உறுதி சொல்வதில் அது கெட்டி. டிரெட்மில் பாசிட்டிவ் என்று பயந்து வருகிற, வலி தெளிவில்லாத 40 வயதுப் பெண்ணுக்கு நான் அதைத்தான் எழுதுவேன். உங்கள் கதை வேறு. சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும், அது ஸ்கேனில் வெள்ளையாகப் பளிச்சிட்டு அடைப்பின் அளவை மறைத்துவிடும். கடைசியில் "வழக்கமான ஆஞ்சியோ எடுத்து உறுதி செய்க" என்று ரிப்போர்ட் வந்தால் இரண்டு செலவு, சிறுநீரகத்துக்கு இரண்டு முறை டை. உங்கள் நிலைக்குக் குறைந்த விலை பார்த்து அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

இன்ஷூரன்ஸில் ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. எல்லா மருத்துவக் காப்பீட்டிலும் பொதுவான விலக்கு ஒன்று இருக்கிறது: பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது. ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை என்று வந்தால் இந்த விதியைக் காட்டி மறுப்பது வழக்கம். ஆனால் பல பாலிசிகளின் ஒருநாள் சிகிச்சைப் பட்டியலில் ஆஞ்சியோகிராம் பெயர் சொல்லியே இருக்கும். உங்கள் பாலிசிப் புத்தகத்தின் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஆஞ்சியோவுக்குப் பிறகு அதே நோய்க்காக ஸ்டென்ட்டுக்கோ பைபாஸுக்கோ அட்மிட் ஆனால், அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாளில், சில பாலிசிகளில் 60 நாளில், ஆன செலவையும் சேர்த்துக் கேட்கலாம். ஆகவே ஆஞ்சியோவைத் தனியாக எடுத்தால் அந்தப் பணம் போச்சு என்று பயந்து ஸ்டென்ட்டுக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை. டிரெட்மில்லில் தொடங்கி எல்லா ஒரிஜினல் பில்லும் டாக்டர் சீட்டும் ஒரே கவரில் இருக்கட்டும்.

உங்கள் பாலிசியில் நிஜமான கண்ணி சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் முன்பு நான்கு வருடம் வரை இருந்தது, 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அதிகபட்சம் மூன்று வருடம். உங்களுக்கு இரண்டுதான் ஆகிறது. இதய அடைப்பைச் சர்க்கரையின் விளைவாகக் காட்டி கம்பெனி மறுக்கப் பார்க்கலாம். பாலிசி எடுக்கும்போது சர்க்கரையைச் சொன்னீர்களா என்பதை முதலில் தேடுங்கள். சொல்லியிருந்தால் உங்களுக்கு எத்தனை மாதம் காத்திருப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். சொல்லாமல் ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தால் சிக்கல் பெரிது. அந்த நிலையில் இன்ஷூரன்ஸ் பணத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். டாக்டரிடம் சர்க்கரையை மறைக்கவும் வேண்டாம், டை மருந்துக்கு முன் அது எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அட்மிஷனின்போது டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்பார், கூட வந்தவர் "அது ரொம்ப நாளா இருக்கு" என்பார், கேஸ் ஷீட்டில் 15 வருடம் என்று ஏறிவிடும். க்ளெய்ம் பார்ப்பவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். எட்டு என்றால் எட்டு என்று நீங்களே சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போதும் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

அறை விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். 3 லட்சம் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம் என்று வரம்பு இருந்தால் அது 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறை எடுத்தால் கூடுதல் 3,000 மட்டும்தானே என்று நினைப்போம். அப்படியில்லை, டாக்டர் கட்டணம், சிகிச்சைக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். மருந்துக்கும் ஸ்டென்ட்டுக்கும் இந்த வெட்டு கூடாது என்பது விதி. ஆகவே வரம்புக்குள் இருக்கும் அறையாக எடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. கடைக்காரர் என்பதால் நமக்கில்லை என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்று இருந்தால், ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஸ்டென்ட், பைபாஸ் இரண்டும் இதில் உண்டு, பரிசோதனைகளுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் முதலில் போய் உட்காருங்கள். முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் அட்மிஷன். கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு கார்டைக் காட்டினால் திரும்ப வராது. வருமானம் வரம்பைத் தாண்டினாலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே கேத் லேப் இருக்கிறது, தினமும் ஆஞ்சியோ பார்த்துப் பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் வலி நிலையாக இருப்பதால் அந்தக் காத்திருப்பை நீங்கள் தாங்கலாம். இதய மருத்துவப் பிரிவின் புறநோயாளி நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பின்னால் ஸ்டென்ட் வேண்டுமென்று முடிவானால் விலையில் ஏமாற வேண்டாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவரை ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றது. பின்னர் சில முறை திருத்தி இப்போது வரி நீங்கலாக 40,000க்குள் நிற்கிறது. "இது அமெரிக்கா ஸ்டென்ட் சார், ரேட் வேற" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டு ஸ்டென்ட்டாக இருந்தாலும் வரம்பு ஒன்றுதான். பில்லில் அதைத் தனி வரியாக, கம்பெனி பெயர், பேட்ச் நம்பரோடு காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. வரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான் என்பதால் பலூன், ஒயர், கேத் லேப், அறை என்று மற்ற வரிகளில் தொகை ஏறும். 2 லட்சம் என்று உங்களிடம் சொன்னவரிடம் அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆகவே என் யோசனை: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு கிடைக்கும் என்றால் அந்தக் கார்டு, இல்லையென்றால் ராஜாஜி. தனியாரில்தான் என்று முடிவெடுத்தால் உள்ளூர் 16 ஆயிரமே போதும், அங்கே மணிக்கட்டு வழியாகச் செய்கிறார்களா, டை உள்ளடக்கமா, வீடியோ பதிவு சிடி தருவார்களா, 'ஆஞ்சியோ மட்டும்' என்றால் ஒத்துக்கொள்வார்களா என்ற நான்குக்கும் 'ஆமாம்' வந்தால். மதுரைக்குக் கொடுக்கும் அதிகப்படி 12 ஆயிரம் படத்தைத் தெளிவாக்காது. படம் பார்த்த பிறகு சிகிச்சைக்காக மதுரைக்குப் போவது வேறு கணக்கு.

போகும்போது சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டு போங்கள். மெட்ஃபார்மின் இருந்தால் டை செலுத்துவதை ஒட்டி நிறுத்த வேண்டுமா, எப்போது திரும்பத் தொடங்குவது என்று கிரியேட்டினின் பார்த்து டாக்டர் சொல்வார். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பு எப்போதாவது ஸ்கேன் டைக்கோ வேறு மருந்துக்கோ உடம்பு தடித்திருந்தால் அதை அட்மிஷனிலேயே சொல்லிவிடுங்கள்.